நாயோட கேம்பிங்: "பெட் அலவுட்"னு போட்டிருந்தா மட்டும் கெளம்பிடாதீங்க

நாயோட கேம்பிங் போற எடம்னு கூகுள்ல தட்டுனா வர்றதுல முக்கால்வாசி அமெரிக்காக்காரன் எழுதுனதுதான். அங்க கே.ஓ.ஏ.ன்னு ஒரு பெரிய கேம்ப்கிரவுண்ட் கம்பெனி, 1962ல மொன்டானால ஆரம்பிச்சது, அவங்க நெறைய எடத்துல நாய் ஓடி வெளையாட வேலி போட்ட தனி மைதானமே வெச்சிருக்காங்க. நேஷனல் பார்க்ல கூட பெரும்பாலும் டென்ட் போடுற எடம் வரைக்கும் நாய கூட்டிட்டு போலாம், கயிறு ஆறடிக்கு மேல இருக்கக்கூடாது, கக்கா போனா அள்ளணும், அவ்ளோதான். படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தண்டையார்பேட்டைல உக்காந்துகிட்டு மொன்டானாவ படிச்சு இன்னா பண்றது. நம்ம ஊர்ல நேஷனல் பார்க், சரணாலயம், புலிகள் காப்பகம் இதுக்குள்ள எல்லாம் வளர்ப்பு நாய கூட்டிட்டு போய் தங்குறதுன்ற பேச்சே கெடையாது. அதுல எனக்கு கோவமும் இல்ல. 2018ல குஜராத் கிர் காட்டுல 20க்கு மேல சிங்கம் செத்துச்சே, டெஸ்ட் பண்ணி பாத்தா கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ், நாய்ங்களுக்கு வர்ற அதே வியாதி. நம்ம வீட்டு நாய் ஊசி எல்லாம் போட்டு சுத்தமா இருக்கலாம், ஆனா வாசல்ல காவலுக்கு நிக்கிறவரு ஒவ்வொரு நாயோட ஊசி கார்டையும் பாத்து பாத்து உள்ள விட முடியாதில்ல.

அப்போ மிச்சம் இருக்கிறது தனியார் எடம் மட்டும்தான். பண்ணை வீடு, எஸ்டேட்டுக்குள்ள டென்ட் போட்டு குடுக்குறவங்க, மலை மேல நாலு காட்டேஜ் கட்டி முன்னாடி புல்தரைல டென்ட் அடிக்கிறவங்க, இந்த மாதிரி.

எங்க வீட்ல இருக்கிறது ரோசி. காசிமேடு ஹார்பர்ல ஐஸ் பொட்டி பக்கத்துல கெடந்த குட்டி, என் பையன் தூக்கிட்டு வந்தான், இப்ப 18 கிலோ. வெளியூர் கூட்டிட்டு போற ஆசை எங்களுக்கு சும்மா வரல. வடசென்னைல நாய் வளக்குறவங்களுக்கு தெரியும், தீபாவளின்னா ஒரு நாள் இல்ல, முன்னாடி ஒரு வாரம் பின்னாடி நாலு நாள், அது போக தெருவுல யாராவது தவறிட்டா மேளம் வெடின்னு ஊர்வலம் போவும், ஆடி மாசம் வந்தா கூழ் ஊத்துறதுக்கு மைக் செட்டு. ரோசி பாத்ரூம்ல வாளிக்கு பின்னாடி போய் ஒண்டிக்கும், சாப்பாடு தண்ணி எதுவும் தொடாது. அத பாத்துட்டு தான் எங்க வீட்டுக்காரர், "பேசாம தீபாவளிக்கு நாம ஊர விட்டு போய்டலாம், புள்ளைக்காவது நிம்மதி"ன்னாரு. புள்ளைன்னு அவரு சொன்னது என் பையன இல்ல.

சரின்னு ஆரம்பிச்சேன் ஃபோன் போட. புக்கிங் ஆப்ல பெட் ஃப்ரெண்ட்லின்னு ஃபில்டர் போட்டா நெறைய வருது, சந்தோசமா இருக்கும், ஒவ்வொண்ணா கூப்ட்டா தான் கதை தெரியும்.

"மேடம் தாராளமா கூட்டிட்டு வாங்க, என்ன பிரீடு?"

"நாட்டு நாய்ங்க."

"ஓ... மேடம், ஒரு நிமிசம், ஓனர கேட்டு சொல்றேன்."

அந்த ஒரு நிமிசம் இன்னும் முடியல. ஒரு எடத்துல இல்ல, பல எடத்துல இதே கதை. என் தோழி வீட்ல ஷீட்ஸு, அந்த முடி தொங்குற குட்டி வெளிநாட்டு நாய், அவ கேட்டா ஒடனே ஓகே. ஒரு எடத்துல வேணும்னே "ராஜபாளையம் மாதிரிங்க"ன்னு சொல்லி பாத்தேன், அந்தாளு குரல்லயே ஒரு மரியாதை வந்துடுச்சு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே நாட்டு நாய் தானேப்பா, எங்க ரோசிக்கு பிரீடு பேர் ஒட்டல, அவ்ளோதானே. வெயிலும் தூசியும் தாங்குற நாய் இது, அந்த மொகம் சப்பையா இருக்கிற பக் நாய அதே வெயில்ல கொண்டு போனா தான் மூச்சு வாங்கி ஹீட் ஸ்ட்ரோக் ஆவும். ஆனா யார்கிட்ட சொல்றது. இப்பல்லாம் நான் மொதல் வரிலயே நாட்டு நாய், 18 கிலோன்னு சொல்லிடுறேன், வேணாம்றவங்க அப்பவே வேணாம்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

இப்ப விசயத்துக்கு வரேன். நாய விடுவீங்களா, எவ்ளோ சார்ஜு, இது எல்லாரும் கேப்பாங்க. யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் மொதல் கேள்வி: "உங்க எடத்துல எத்தன நாய் இருக்கு, ராத்திரி அதுங்க கட்டி இருக்குமா, அவுத்து விடுவீங்களா?"

பண்ணை வீடுன்னு ஒண்ணு இருந்தா காவலுக்கு நாய் இருக்கும், நாய் இல்லாத தோட்டம் எங்க இருக்கு சொல்லுங்க. பகல்ல வால ஆட்டிட்டு படுத்திருக்கும், ராத்திரி பத்து மணிக்கு அவுத்து விட்டுடுவாங்க. ஓனர பொறுத்தவரைக்கும் அது வேலை பாக்குற நாய், புதுசா வாசனை வந்தா தொரத்தணும், அதுக்குத்தான் சோறே போடுறாங்க. நீங்க டென்டுக்குள்ள உங்க நாயோட படுத்திருக்கீங்க, வெளிய மூணு நாய் வந்து சுத்தி நின்னு கொலைக்குது, நடுவுல இருக்கிறது ஒரு நைலான் துணி. இந்த நெலமைய யோசிச்சு பாத்தீங்கன்னா கேள்வி ஏன் மொதல்ல வருதுன்னு புரியும். இந்த கேள்விக்கு வர்ற பதில வெச்சே ஆள கண்டுபிடிச்சிடலாம். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது மேடம்"னு சொன்னா நான் அந்த எடத்த விட்டுடுவேன். "ரெண்டு இருக்கு, ஒண்ணு பொட்ட ஒண்ணு கடுவன், கடுவன் கொஞ்சம் மொரடு, நீங்க இருக்கிற வரைக்கும் பின்னாடி கொட்டாய்ல கட்டி போடுறேன்"னு சொன்னா அது நாய் தெரிஞ்ச ஆளு, அவர நம்பி போலாம்.

ஏலகிரில நாங்க போற எடத்து வாட்ச்மேன் அண்ணா அப்படித்தான். வண்டி கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கைய காட்டி நிறுத்திட்டாரு. "உள்ள கொண்டாராதம்மா, இங்கயே எறக்கு"ன்னாரு. ரோசிய ரோட்டுலயே எறக்கினோம், அவரு தன்னோட நாய சங்கிலில புடிச்சிட்டு வெளிய வந்தாரு. நேருக்கு நேரா விடல. ரோட்டுக்கு அந்த பக்கம் அவரு, இந்த பக்கம் நானு, ஒரே தெசைல நடக்குறோம், ரெண்டு நாயும் ஓரக்கண்ணால பாத்துட்டே வருதுங்க. கொஞ்ச தூரம் போனதும் ரோசி ஒரு புதர்ல ஒண்ணுக்கு போனா, அவரு அவர் நாய அங்க கூட்டிட்டு போய் மோந்து பாக்க விட்டாரு, அது மேலயே அதுவும் போச்சு. அப்பறம் தான் பின்பக்கமா மோந்துக்க விட்டாரு, அதுவும் மூணு எண்ற நேரம் தான், டக்குனு இழுத்துட்டாரு. "சங்கிலிய டைட்டா புடிக்காதம்மா, நீ இழுத்து புடிச்சா அது சண்டைக்கு தான் வந்திருக்கோம்னு நெனைக்கும்." வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் எனக்கு இதையே தான் சொல்லி இருந்தாங்க, பொது எடத்துல வெச்சு பழக்கணும், ஒருத்தர் வீட்டுக்குள்ள வெச்சு பழக்கக்கூடாதுன்னு. அரை மணி நேரம் கூட ஆகல, ரெண்டும் ஒண்ணா கேட்டுக்குள்ள போச்சுங்க. சோத்து தட்டு மட்டும் தனித்தனியா, அதுல சமரசமே கெடையாது, எவ்ளோ தோஸ்தா இருந்தாலும் சோறுன்னு வந்தா கடிச்சிக்கும்.

அடுத்து, ராத்திரி நாய் எங்க படுக்கும். பெட் ஃப்ரெண்ட்லின்னு போட்டுட்டு கேட் பக்கத்துல ஒரு கூண்ட காட்டி இதுல விட்டுடுங்கன்னு சொல்ற எடம் இருக்கு. டென்டுக்குள்ள கூடவே படுக்கலாமா, மழை வந்தா ரூம் தருவீங்களா, ரூமுக்குள்ள நாய் வரலாமா, இது மூணையும் வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிடுங்க, ஃபோன்ல சொன்னவரு ஒருத்தரா இருப்பாரு, வாசல்ல நிக்கிறவரு வேற ஒருத்தரா இருப்பாரு. ரூம் விசயம் ஏன்னா தீபாவளி வர்றதே ஐப்பசில, வடகிழக்கு பருவமழை நேரம், டென்டுன்னு நம்பி போனா ஒரே ராத்திரில துணிமணி போர்வை நாய் எல்லாம் ஒண்ணா நனைஞ்சு ஒரு வாசனை வரும் பாருங்க, அத நான் வர்ணிக்க விரும்பல. அதே மாதிரி "உங்க எடத்துல பட்டாசு வெடிப்பாங்களா, டிஜே உண்டா"ன்னு கேட்டுடுங்க. பட்டாசுக்கு பயந்து நாய மலைக்கு கூட்டிட்டு போறோம், அங்க ஐடி பசங்க பட்டாளம் ஒண்ணு டீம் அவுட்டிங் வந்து சரவெடி கொளுத்துனா எதுக்கு இவ்ளோ டீசல் போட்டு போனோம். சனிக்கெழமை ராத்திரிய விட்டுட்டு நாயித்துக்கெழமை ராத்திரி தங்குனா பாதி தொல்லை கொறையும், வெலையும் கொறைவு.

வேலி பத்தி கேக்கணும். காட்டு ஓரத்துல இருக்கிற எடம்னா கண்டிப்பா கேக்கணும், ஏன்னா சிறுத்தைக்கு நாய்னா ரொம்ப இஷ்டம். பெருசா சண்டை போடாம கெடைக்கிற தீனி அது, ஊருக்குள்ள வந்து தூக்கிட்டு போறதே நாயத்தான். மலைல எங்க கேம்ப் போட்டாலும் இருட்டுன அப்பறம் நாய வெளிய கட்டி வெக்கிறது, "ஒண்ணுக்கு போய்ட்டு வரட்டும்"னு தனியா அவுத்து விடுறது ரெண்டும் வேணவே வேணாம். டார்ச் எடுத்துட்டு கூட போங்க, கயிறோட. பாம்புக்கும் இதே தான் மருந்து. கட்டுவிரியன் ராத்திரில தான் சுத்தும், கண்ணாடி விரியன் புல்லுல அசையாம கெடக்கும், நம்மாளு மூக்க விட்டு நோண்டும், கடி மூஞ்சில தான் விழும். டென்ட் ஜிப்ப ராவெல்லாம் மூடியே வெக்கணும், காத்து வரலன்னு பாதி தெறந்து வெக்கிறது ஆபத்து. போற ஊருக்கு கிட்ட எந்த வெட்னரி ஆஸ்பத்திரி, எத்தன மணி வரைக்கும்னு கெளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க. 1962ன்னு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கு, ஆடு மாடுக்கு தான் அதிகமா வருது, இருந்தாலும் ஃபோன்ல சேவ் பண்ணி வெக்கிறதுல தப்பில்ல.

எங்க போலாம்னு கேட்டா, நம்ம பக்கத்துல இருந்து கிட்டன்னு பாத்தா பழவேற்காடு. ஆனா அங்க நான் டென்ட் போட சொல்ல மாட்டேன், காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்புற மாதிரி தான். ஏரி பக்கம் பறவை சரணாலயம், குளிர்காலத்துல பூநாரை வந்து நிக்கும், நாய அவுத்து விட்டா அது பாட்டுக்கு தொரத்திட்டு ஓடும், அதுங்க எங்கிருந்தோ பறந்து வந்து எறை பொறுக்குற நேரம் அது, பாவம். கடல் பக்கம்னா ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட கரைக்கு வர்ற சீசன், மணல தோண்டி முட்டைய திங்கிறதுல நாய் தான் மொத எதிரி, அதனால அந்த மாசங்கள்ல கயிறு கைய விட்டு போகக்கூடாது. இன்னொண்ணு, இது மீன்காரங்க வீட்டு நாய்ங்களுக்கு கூட தெரியும், வலைல மாட்டுன பேத்தை மீன கரையிலயே வீசிட்டு போயிடுவாங்க, அந்த உருண்டை மீனு, அதுல வெஷம். காசிமேட்டு நாய்ங்க அத தொடாது. வீட்டுக்குள்ள பிஸ்கட் தின்னு வளந்த நாய் வாய வெச்சிடும். ரோசி பொறந்தது ஹார்பர்லயா இருந்தாலும் வளந்தது எங்க வீட்ல, அதனால நான் அவள நம்புறதில்ல. சொறிமீன்னு சொல்ற ஜெல்லி மீன், கடல் தண்ணி குடிக்கிறது, இதையும் பாத்துக்கோங்க, உப்பு தண்ணி குடிச்சா வர்ற வழியெல்லாம் வாந்தி எடுக்கும்.

செங்குன்றம் ஏரி, சோழவரம், பூண்டி பக்கம் போய் டென்ட் போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. நாம குடிக்கிற தண்ணிங்க அது. விடுங்க.

தங்குறதுக்குன்னா எங்க ஓட்டு ஏலகிரிக்கு. ரொம்ப ஒசரம் இல்ல, ஆயிரத்து சொச்சம் மீட்டர் தான், கொண்டை ஊசி வளைவு 14, மலை மேல நெறைய எடம் தனியார் தோட்டமா இருக்கிறதால நாய்க்கு சரின்னு சொல்ற ஆளுங்க கெடைக்கிறாங்க. மலையடிவாரத்து ஊர் பேரும் பொன்னேரி தான், மேப்புல போடும்போது பாத்து போடுங்க, இல்லன்னா அது நம்ம மீஞ்சூர் பக்கத்து பொன்னேரிக்கு வண்டிய திருப்பிடும். ஏற்காடு 20 வளைவு, கொல்லிமலை 70, வண்டில வாந்தி எடுக்கிற நாயா இருந்தா கொல்லிமலைய மறந்துடுங்க. ஊட்டி கொடைக்கானல் போறவங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், ஐகோர்ட் உத்தரவு, அது வண்டிக்கு, நாய்க்கு தனியா இல்ல. அங்க குளிர் ஜாஸ்தி, முடி கொறைஞ்ச நாட்டு நாய்க்கு ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டா சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

கார் இல்லாதவங்க ரயில்ல போலாமான்னா, போலாம், ஆனா ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டு பெர்த் இருக்கிற கூப்பேயோ நாலு பெர்த் இருக்கிற கேபினோ முழுசா நீங்களே புக் பண்ணா தான் நாய கூட வெச்சுக்க முடியும். ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி எதுலயும் கூட விட மாட்டாங்க, கார்டு வேன்ல இருக்கிற நாய் பொட்டில தான் போடணும். அந்த பொட்டிய ஒரு தடவ எட்டி பாத்தேன். ரோசிய அதுல போட எனக்கு மனசு வரல, அதனால நாலு பேரு சேந்து வண்டி எடுத்துட்டு போறது தான் எங்களுக்கு கட்டுபடி ஆவுது. வண்டில கழுத்துப்பட்டை வேணாம், மார்ல போடுற ஹார்னஸ் போட்டு பின் சீட்டு பெல்ட்டோட மாட்டிடுங்க. மணலி பக்கம் கன்டெய்னர் லாரிக்காரன் பக்கத்துல வந்து ஏர் ஹாரன் அடிச்சான்னா நாய் நேரா டிரைவர் மடிக்கு தான் வரும். கெளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி சாப்பாட நிறுத்திடுங்க. நடுவுல வண்டி நிறுத்துனா தார் ரோட்டுல பொறங்கைய வெச்சு பாருங்க, உங்களால வெச்சிருக்க முடியலன்னா அதோட பாதமும் தாங்காது.

டென்ட் விசயம் சுருக்கமா சொல்லிடுறேன். நாய் நகம் நைலான கிழிச்சிடும், போறதுக்கு முன்னாடி நகம் வெட்டிடுங்க, கீழ ஒரு தடி ஜமுக்காளம் விரிங்க. வீட்டு மாடிலயே ஒரு ராத்திரி டென்ட் போட்டு படுத்து பழக்குங்க, அக்கம் பக்கத்துல சிரிப்பாங்க, பரவால்ல. டென்ட் கம்பில நாய கட்டாதீங்க, ஒரு பூனைய பாத்துச்சுன்னா டென்டயும் இழுத்துட்டு போயிடும். பகல்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு கயிறு கட்டி அதுல சங்கிலிய ஓட விட்டா அதுக்கு நடமாட எடமும் இருக்கும், சுத்திக்கவும் செய்யாது.

சாப்பாட்டுல தான் கேம்ப்ல அதிகமா ஏமாறுவோம். பார்பிக்யூ போடுவாங்க, பக்கத்து டென்ட்காரங்க பாசமா ஒரு பீஸ போடுவாங்க, "பாவம் பாக்குது"ம்பாங்க. வெந்த கோழி எலும்பு ஒடைஞ்சா ஊசி மாதிரி குத்தும், மசாலால வெங்காயம் பூண்டு, ரெண்டும் நாய் ரத்தத்துக்கு ஆகாது, கறி வாசனை ஒட்டுன மூங்கில் குச்சிய அப்படியே முழுங்குற நாயும் உண்டு. திராட்சை, சாக்லேட்டும் கூடாது. நான் வீட்லேர்ந்தே கோழி வேக வெச்சு சாதத்துல பெசஞ்சு டப்பால எடுத்துட்டு போயிடுவேன், பக்கத்துல இருக்கிறவங்க கிட்ட "வயிறு சரியில்ல, எதுவும் குடுக்காதீங்க"ன்னு பொய் சொல்லிடுவேன், உண்மைய சொன்னா யாரும் கேக்குறதில்ல.

ஊசி கார்டு ஒரிஜினலா கைல இருக்கட்டும். ரேபிஸ் ஊசி மொதல் தடவ போட்டா முழுசா வேலை செய்ய மூணு வாரம் ஆகும், கெளம்புற அன்னிக்கு போட்டு பிரயோஜனம் இல்ல. பல வியாதிக்கும் சேத்து போடுற மல்டி ஊசில லெப்டோ சேந்திருக்கான்னும் கேளுங்க, எலி மூத்திரம் கலந்த தேங்குன தண்ணில வர்றது அது, பண்ணைல அந்த மாதிரி குட்டை இல்லாத எடமே கெடையாது.

உண்ணி தான் கடைசி தலைவலி. போறதுக்கு முன்னாடியே டாக்டர கேட்டு உண்ணி மாத்திரை குடுத்துடுங்க, ஒரு மாசம் தாங்குறதும் இருக்கு, மூணு மாசம் தாங்குறதும் இருக்கு. தெனம் ராத்திரி டார்ச் அடிச்சு காதுக்குள்ள, கழுத்துப்பட்டை அடில, அக்குள்ல, வெரல் இடுக்குல பாக்கணும். வெரல் இடுக்குல சின்ன மெளகு சைஸுக்கு ஒட்டிட்டு இருக்கும், ரோசி கால இழுத்துப்பா, பையன் அவ வாய்க்கு நேரா கேரட் துண்ட காட்டிட்டு இருப்பான், நான் ட்வீசரால தோலுக்கு ஒட்டி புடிச்சு நேரா இழுப்பேன். நசுக்காதீங்க, மண்ணெண்ணெ ஊத்தாதீங்க, கொளுத்தவும் வேணாம். ஊருக்கு வந்து ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு கூட டிக் ஃபீவர், அதாவது உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல், தலை காட்டும், சோறு வேணாம்னு மூலைல படுத்துக்கும், ஈறு வெளுத்து போகும், சிலதுக்கு மூக்குல ரத்தம் வரும். அப்ப "வெயில்ல சுத்துன அசதி"ன்னு விட்டுடாம வேப்பேரிக்கோ உங்க டாக்டர்கிட்டயோ போய் ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க, கேம்ப் போய்ட்டு வந்தோம்ன்றத மறக்காம சொல்லுங்க, மாத்திரை எழுதி குடுத்தா ரெண்டு நாள்ல சாப்ட ஆரம்பிச்சிடுச்சுன்னு பாதில நிறுத்தாம அவங்க சொன்ன நாள் வரைக்கும் குடுங்க.